கூட்டணி என்றால் கூட்டணிதான்

2025 மே மாதம், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவருடைய மகள் பெர்த்தில் நர்ஸ். "மக்களே, ஆஸ்திரேலியாவில கூட்டாட்சி முறிஞ்சு போச்சுன்னு போட்டிருக்கான். நாடு பிரியுதாக்கும்? மகளுக்க விசா என்னாவும்?"

வாங்கிப் பார்த்தேன். 'ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சி முறிந்தது' என்றுதான் இருந்தது. உள்ளே படித்தால் விஷயம் வேறு. அந்த மாதம் 3-ஆம் தேதி நடந்த தேர்தலில் தோற்ற லிபரல் கட்சியும் நேஷனல் கட்சியும் 20-ஆம் தேதி பிரிந்துவிட்டன. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆட்சியே கையில் இல்லாதவர்களிடம் முறிய எங்கிருந்து வந்தது கூட்டாட்சி?

விளக்கிச் சொன்னதும் பெரியவர் சாயாவை ஒரு வாய் குடித்தார். "அப்போ கூட்டுக் கச்சவடம் பிரிஞ்சதாக்கும். கடைக்கு ஒண்ணும் ஆவல்ல."

செய்தி எழுதியவரைவிட அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இந்தக் 'கூட்டாட்சி'யை நான் பார்ப்பது முதல் தடவையா என்ன? ஜெர்மனியில் தேர்தல் என்றால் 'கூட்டாட்சி அமைக்கப் பேச்சு', இத்தாலியில் பிரதமர் மாறினால் 'கூட்டாட்சி கவிழ்ந்தது'. சரி, இந்த முறை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சொல். கூட்டு, அணி இரண்டும் சேர்ந்தால் கூட்டணி. 'கூடு' என்ற வினையிலிருந்து வந்த 'கூட்டு' சமையலறையில் தொடுகறியாகவும் கடைத்தெருவில் பங்குத் தொழிலாகவும் இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் நண்பனையே 'கூட்டுக்காரன்' என்கிறோம். 'அணி' என்றால் வரிசை, படை வகுத்து நிற்கும் நிலை, அணிகலன். இன்றைக்கு மகளிர் அணி, இளைஞர் அணி, கிரிக்கெட் அணி. கட்சி உடைந்தால் ஆளுக்கொரு அணி. ஆகவே பல படைகள் தங்கள் கொடியைத் தாமே பிடித்துக்கொண்டு ஒரே வரிசையில் நிற்பது கூட்டணி.

ஆங்கிலத்துக்காரர்களின் 'கோயலிஷன்' லத்தீனிலிருந்து வந்தது. ஒன்றாக வளர்ந்து ஒட்டிக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். ஒட்டுமாங்கன்றுக்கு அது பொருந்தும். கட்சிகளுக்கு எங்கே பொருந்துகிறது? தேர்தல் முடிந்த மறுநாளே பிய்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு 'அணி'தான் நேர்மையான சொல். இந்த ஒரு விஷயத்தில் நம் சொல் மூலத்தைவிட மேல் என்பது என் கட்சி.

இந்தச் சொல் எப்போதும் தேர்தலோடு மட்டும் ஒட்டியிருந்ததும் இல்லை. ஆசிரியர் சங்கங்கள் 'கூட்டணி' என்று பெயர் வைத்திருக்கின்றன. இலங்கையில் 1976-இல் தமிழர் விடுதலைக் கூட்டணி. 2001-இல் அங்கே பல கட்சிகள் சேர்ந்தபோது 'கூட்டமைப்பு' என்றார்கள். வேறு சொல், கிட்டத்தட்ட அதே வேலை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை கூட்டாட்சியோடுதான். அதன் ஆதரவாளர் ஒருவர், நன்றாகத் தமிழ் படித்தவர், ஒருமுறை என்னிடம் வாதிட்டார்: "கூட்டாகச் சேர்ந்து ஆள்வது கூட்டாட்சி. இலக்கணத்தில் என்ன குறை?" இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால், அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். பல மாநிலங்கள் சேர்ந்து, அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரு நாடாக இருக்கும் முறைக்குத்தான் தமிழ்நாட்டில் கூட்டாட்சி என்று பெயர். பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடத்தில் அப்படித்தான் படித்தோம். 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. அந்த முழக்கத்துக்கு 'தில்லியில் நாலு கட்சி சேர்ந்து ஆளட்டும்' என்று யாராவது பொருள் சொன்னால் சிரிக்க மாட்டோமா? இலங்கைக்காரர்கள் இதற்கு 'சமஷ்டி' என்பார்கள், மலேசியாவில் 'கூட்டரசு'. அந்த ஊர்களிலாவது 'கூட்டாட்சி' என்ற சொல் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்று வாதிடலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு இதைப் போடுவது இன்னும் மோசம். அது உண்மையிலேயே ஒரு கூட்டாட்சி நாடு. 1901 ஜனவரி 1-ஆம் தேதி ஆறு காலனிகள் சேர்ந்து உருவானது. அது உடையப் பார்த்ததும் உண்டு. 1933-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், பெரியவரின் மகள் இருக்கும் அதே பெர்த்தைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தில், பிரிந்து போகலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் போகலாம் என்றார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைக் கையில் எடுக்க மறுத்ததால் விஷயம் அதோடு நின்றது. 'கூட்டாட்சி முறிகிறது' என்று தலைப்புப் போட வேண்டிய சம்பவம் அது. இரண்டு கட்சிகள் முறுக்கிக்கொண்டதற்கே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால், அப்படி ஒன்று மறுபடி வரும்போது என்ன சொல்வார்கள்?

சரி, அந்த இரண்டு கட்சிகளின் கதைக்கு வருவோம். 'கூட்டணி' என்ற சொல் அங்கே ஏன் பொருந்துகிறது என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது.

1918 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் இடைத்தேர்தல். ஒரு பக்கம் ஆளும் நேஷனலிஸ்ட் கட்சி, இன்னொரு பக்கம் விவசாயிகள் நிறுத்திய ஆள். இரண்டு பேரும் பழமைவாதத் தரப்பு. எதிரே தொழிற்கட்சியின் எட்வின் கார்பாய், வயது 22. நமக்குத் தெரிந்த அதே மும்முனைப் போட்டிதான். இரண்டு பேரும் வாக்கைப் பங்கு போட்டுக்கொள்ள, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாக வாங்கிய பையன் ஜெயித்துவிட்டான். பழமைவாதத் தரப்புக்கு வயிற்றைக் கலக்கியது. அதே ஆண்டில் முன்னுரிமை வாக்கு முறையைச் சட்டமாக்கினார்கள். வாக்காளர் 1, 2, 3 என்று எண் போடுவார். முதல் எண் பெற்றவர் போட்டியிலிருந்து விழுந்தால் அந்த வாக்கு இரண்டாம் எண்ணுக்குப் போகும். தோழமைக் கட்சிகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்றாலும் வாக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும். நம் ஊரில் தொகுதிப் பங்கீட்டுக்கு விடிய விடிய உட்காரும் தலைவர்களுக்கு இது தெரிந்தால் ஏங்கிப்போவார்கள்.

1920-இல் நாட்டுப்புறத்து ஆட்கள் தனிக் கட்சி தொடங்கினார்கள், கன்ட்ரி கட்சி. இன்றைய நேஷனல் கட்சிக்கு அப்போது அதுதான் பெயர். 1922 தேர்தலுக்குப் பிறகு இவர்கள் இல்லாமல் ஆட்சி நடக்காது என்ற நிலை. பிரதமர் பில்லி ஹியூஸ் போனால்தான் வருவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஹியூஸ் போனார். 1923 பிப்ரவரியில் நேஷனலிஸ்ட் கட்சியின் ஸ்டான்லி புரூஸும் கன்ட்ரி கட்சித் தலைவர் ஏர்ல் பேஜும் அமைச்சரவை அமைத்தார்கள். 11 பேரில் 5 பேர் சின்னக் கட்சிக்காரர்கள், நிதித்துறையும் பேஜுக்கு. பேரம் என்றால் அது பேரம். இந்த அமைச்சரவையைக் 'கூட்டணி ஆட்சி' என்று சொல்வதில் யாருக்கும் சிக்கல் இருக்காது.

அப்புறம் பிரிவதும் சேர்வதுமாக ஓடியது. 1939-இல் பிரதமர் லயன்ஸ் பதவியிலேயே இறந்துபோக, மென்சீஸ் வந்தார். அவருக்குக் கீழே இருக்க மாட்டேன் என்று பேஜ் வெளியேறினார். முதல் உலகப் போரில் மென்சீஸ் படையில் சேரவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே குத்திக்காட்டினார். அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்தாயிற்று. 1944-இல் மென்சீஸ் லிபரல் கட்சியைத் தொடங்கினார், 1949 முதல் 1972 வரை இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஆண்டன. 1987-இல் நேஷனல் கட்சிக்காரரான குயின்ஸ்லாந்து முதல்வர் ஜோ பியெல்கே-பீட்டர்சன் தானே பிரதமராகப் போகிறேன் என்று கிளம்பியதில் கூட்டணி உடைந்தது. தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்தது, மறுபடி சேர்ந்தார்கள். 2025-இல் பிரிவு எட்டே நாள். மே 28-இல் திரும்ப ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாட்டில் இந்த ஜோடிக்குப் பெயர் ஒன்றுதான், 'கோயலிஷன்'. எதிர்க்கட்சியாக வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோதும் அதே பெயரில்தான் அழைத்தார்கள். ஆகவே 'ஆட்சி' என்ற வால் ஒட்டிய எந்தச் சொல்லும் இதற்கு ஆகாது. கூட்டணி மட்டுமே எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். ஆளும்போது வேண்டுமானால் கூட்டணி ஆட்சி, கூட்டணி அமைச்சரவை. குயின்ஸ்லாந்தில் 2008-இல் இரண்டு கட்சிகளும் ஒரே கட்சியாகிவிட்டன. அது கட்சி இணைப்பு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

நம் மாநிலத்துக்காரருக்கு இந்த வேறுபாடு புரியாமல் போகாது. கூட்டணி வைத்துத் தேர்தலில் நிற்பது இங்கே பழகிய விஷயம். அமைச்சரவையில் பங்கு கொடுப்பது வேறு விஷயம். 2006-இல் 96 இடம் மட்டும் வைத்துக்கொண்டு திமுக தனியாக அமைச்சரவை அமைத்தது, தோழமைக் கட்சிகள் வெளியிலிருந்து ஆதரவு. 2025 ஏப்ரலில் அதிமுக, பாஜக கூட்டணி அறிவிப்பு வந்தபோது இந்த டீக்கடையிலேயே 'கூட்டணியா, கூட்டணி ஆட்சியா' என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது. தோழமைக் கட்சியின் ஆதரவு போனால் என்ன ஆகும் என்பது எங்கள் மாவட்டத்துப் பழைய ஆட்களுக்கு அதற்கும் முன்பே தெரியும். எங்கள் மாவட்டம் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவு போனதும் 1953-இல் கவிழ்ந்தது. இத்தனை நுணுக்கம் புழங்கும் ஊரில் எல்லாவற்றையும் 'கூட்டாட்சி' என்ற ஒரே சாக்கில் கொட்டிக் கட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னொரு போட்டியாளரும் உண்டு: முன்னணி. இது எங்களுக்குக் களியிக்காவிளை தாண்டி வரும் சொல். மலையாளத்தில் கூட்டணிக்கு முன்னணி என்றுதான் வழக்கம், இடது முன்னணி, ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று. பெயரில் இருந்தால் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். பொதுச்சொல்லாக வேண்டாம் என்பேன். தமிழில் முன்னணி என்றால் முந்தி நிற்பது. வாக்கு எண்ணும் நாளில் 'இடது முன்னணி பத்து இடங்களில் முன்னணி' என்று வாசிக்கும்போது செய்தி வாசிப்பவருக்கே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. மலையாளத்தில் 'கூட்டுகட்சி பரணம்' என்று ஒன்று சொல்வார்கள், பரணம் என்றால் ஆட்சி. பரணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் 'கூட்டுக்கட்சி' மோசமில்லை.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே செய்தியில் லிபரல் கட்சி 'தாராளவாதக் கட்சி' ஆகியிருந்தது. பெயரில்தான் லிபரல், உட்காரும் நாற்காலி வலதுபக்கம். தாராளவாதிகளைப் பழமைவாதக் கூட்டணி என்று அடுத்த வரியிலேயே எழுதினால் வாசிப்பவர் என்ன செய்வார்? நேஷனல் கட்சியைத் 'தேசியக் கட்சி' என்று போட்டால் தேர்தல் ஆணைய அங்கீகாரம் பெற்ற கட்சி என்றல்லவா நினைப்போம்? அவர்கள் கிராமப்புறத்துக் கட்சி. பழைய பெயரான கன்ட்ரி கட்சியை யாராவது 'நாட்டுக் கட்சி' என்று எழுதியிருந்தால் மட்டும் மன்னித்துவிடுவேன். நாட்டுக்கோழி, நாட்டு மருந்து மாதிரி அது தானாகவே சரியாக வந்து உட்காருகிறது. மற்றபடி கட்சிப் பெயரைப் பெயராகவே விட்டால் தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது. தூய தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் ஆள் பெயரை மொழிபெயர்ப்பது தூய்மையில் சேராது.

அந்தத் தலைப்பைப் போட்ட இடத்துக்கு ஃபோன் செய்து பார்த்தேன். எடுத்த தம்பி மரியாதையாகவே பேசினார். "தலைப்புல இடம் பத்தாது சார், அதான் சுருக்கினோம்."

கூட்டணி, நாலு எழுத்து. கூட்டாட்சி, ஐந்து. விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பார்க்குறோம் சார்" என்றார்.

எட்டாம் நாள் இரண்டு கட்சிகளும் சேர்ந்த செய்தி வந்தது. பெரியவர் என்னைப் பார்த்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தார். 'ஆஸ்திரேலியாவில் மீண்டும் கூட்டாட்சி.' "மகளுக்கிட்ட சொன்னேன் மக்களே," என்றார், "அவ கிடந்து சிரிக்கா."