தேங்காய் பாலூட்டியா? ‘பாலூட்டி’, ‘பால்பொருள்’: சொல் விளக்கம்

இடியாப்பம் போன்ற சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி உண்ணும் கொங்கு நாட்டு வீடுகளில் வேடிக்கையாக எழுப்பத்தக்க வழக்கு ஒன்று உண்டு. உடலில் மயிரும் குட்டிக்குப் பாலும் உடையது பாலூட்டி என்கிறது பள்ளிப் பாடம். தேங்காய்க்கு நாரும் இருக்கிறது, பாலும் இருக்கிறது. அதன் கன்றைத் தென்னம்பிள்ளை என்றே அழைக்கிறோம். அப்படியானால் பொள்ளாச்சித் தேங்காயும் பாலூட்டிதானே? கேள்வி சிரிப்புக்குரியதுதான் எனினும், முறையாக விடை சொல்ல முயன்றால் இரண்டு கலைச்சொற்களைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

‘உண்’ என்பதன் பிறவினை ‘ஊட்டு’. பாலை உண்ணச் செய்வது பாலூட்டி. மம்மாலியா என்னும் அறிவியல் பெயருக்கு ஈடாக இச்சொல் வழங்குகிறது. அதுவரை நான்கு கால் விலங்குகள் என்ற பொருள்படும் பெயரால் வழங்கிய வகுப்புக்கு, முலையைக் குறிக்கும் ‘மம்மா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து புதுப்பெயர் ஆக்கி 1758-இல் வெளியிட்டவர் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ். கால் இல்லாத திமிங்கிலமும் அப்போதுதான் அவரது வகைப்பாட்டில் மீன்களைவிட்டு இவ்வகுப்புக்குள் வந்தது.

இலத்தீன் பெயர் உறுப்பைச் சொல்ல, தமிழ்ச் சொல் செயலைச் சொல்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புறாவில் தாயும் தந்தையும் தம் தீனிப்பையில் உண்டாகும் கெட்டியான சத்துப்பொருளைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அதற்குப் புறாப்பால் என்றே பெயர். சொல்லின்படி புறா பாலூட்டியாகிவிடும், ஆனால் அது பறவை. மாறாக, ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடுவது 1884-இல் ஐயமற உறுதியான பிறகும் பாலூட்டியாகவே நீடிக்கிறது. அதற்கு முலைக்காம்பு இல்லை என்றாலும், பால் சுரப்பிகள் உண்டு. வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆளும் ‘முலையூட்டி’ என்ற சொல் புறாவை வெளியே நிறுத்தி, பிளாட்டிபஸை உள்ளே வைத்துக்கொள்கிறது. துல்லியம் வேண்டும் இடங்களில் நாமும் அதைக் கூச்சமின்றி எடுத்தாள வேண்டும் என்பது என் துணிபு.

தேங்காயின் வழக்கு எளிதில் தள்ளுபடியாவதில்லை. முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே காணும் தேங்காய்ப்பூ, பருப்பிலும் நீரிலும் உள்ள சத்தை உறிஞ்சி முளைக்குக் கொடுக்கிறது. ஆகவே பிள்ளைக்கு ஊட்டுதல் நடக்கவே செய்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை தேங்காய்ப்பாலைக் கண்டதே இல்லை. பருப்பைத் துருவி, நீர் விட்டுப் பிழியும்போதுதான் அது உண்டாகிறது. சுரப்பி இல்லாத இடத்தில் முலையூட்டி இல்லை.

இனி, ‘பால்’. தெலுங்கில் இது பாலு. தாளவாடி மலையில் கன்னடம் பேசுவோருக்கு ஹாலு. (ஆண்பால், பெண்பால் என்பதில் வரும் பால், பகுப்பு என்னும் பொருளுடைய வேறு சொல்.) தமிழில் இச்சொல் விலங்கோடு நின்றதில்லை. கள்ளிப்பால், எருக்கம்பால் என நச்சுச் சாற்றுக்கும் அதுவே பெயர். நெற்கதிரும் பால் பிடிக்கிறது. எனவே பால், தயிர், நெய் போன்றவற்றைக் குறிக்கும் டெய்ரி என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பால்பொருள்’ என்று எழுதினால் தேங்காய்ப்பாலும் உரிமை கோரி வந்து நிற்கும். அந்த ஆங்கிலச் சொல்லிலும் பால் இல்லை என்பது வியப்பு. மாவு பிசைபவள், பணிப்பெண் என்று பொருள்பட்ட பழஞ்சொல்லிலிருந்து அவள் பணியிடத்துக்குப் பெயராகி, பின்னர் பாலுக்கு உரியதாயிற்று.

பெயர்ச்சொல் கலந்து வைத்ததைத் தமிழின் வினைச்சொற்கள் பிரித்துத் தருகின்றன. மாட்டுப்பாலைக் கறக்கிறோம், தேங்காய்ப்பாலைப் பிழிகிறோம், கள்ளிப்பால் கீறினால் வடிகிறது. கள்ளியைக் கறந்தேன் என்று எவரும் சொல்வதில்லை. ‘கற’ என்பதிலிருந்து பிறந்த ‘கறவை’ கொங்குத் தொழுவங்களில் அன்றாடம் புழங்கும் சொல். உழவுக்கும் வண்டிக்கும் பேர்பெற்ற காங்கேயம் பசு கொடுக்கும் சிறிதளவு பாலும், பர்கூர் மலை எருமையின் பாலும் கறவையில் அடங்கும். ‘ஆவினுடைய’ என்று பொருள்தரும் ஆவின் என்ற பெயரோ, எருமையைச் சொல்லளவில் விட்டுவிடுகிறது. ஆகவே டெய்ரிக்குக் ‘கறவைப்பொருள்’ என்பதே பொருந்திய தமிழ் என்று முன்மொழிகிறேன்.

சட்டமும் இவ்வழியே செல்கிறது. நலமான கறவை விலங்கின் மடிச்சுரப்பே பால் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின் வரையறை. தாவரப் பொருள்களைப் பால் என்ற பெயரில் விற்கலாகாது என்று 2017-இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய நீதிமன்றம், பட்டியலிடப்பட்ட மரபுப் பெயர்களுக்கு விலக்கை ஏற்றது. ஆங்கிலப் பெயர்ப் பட்டியலில் தேங்காய்ப்பாலும் உண்டு.

முட்டையும் டெய்ரியில் சேருமா என்ற ஐயத்துக்கு நீண்ட வாதம் தேவையில்லை. கடையில் பாலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பதால் நாமக்கல் முட்டை கறவைப்பொருளாகாது. கோழிக்கு மடி இல்லை. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு முட்டையாலும் கலப்பற்ற தேங்காய்ப்பாலாலும் அந்தத் தொல்லை வருவதில்லை. பசும்பாலோ எருமைப்பாலோ குடிக்கும்போதுதான் அவர்கள் கவனமாயிருக்க வேண்டும்.