டயபரையும் தொட்டிலையும் ஒரே மாதத்தில் நிறுத்தாதீர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் நாகர்கோவிலில், வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளுக்கான எங்கள் தெரபி அறைக்கு வரும் பெற்றோர் பேச்சைப் பற்றியோ நடையைப் பற்றியோ முதலில் கேட்பதில்லை. "ஜூனில் எல்கேஜி சேர்க்க வேண்டும், இன்னும் டயபர்தான். அதற்குள் பழக்கிவிடலாமா?" என்கிறார்கள். கூடவே, "அடுத்த குழந்தை பிறக்கப்போகிறது, இவனைத் தொட்டிலிலிருந்து இறக்க வேண்டும்" என்பதும் வரும். வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைக்கு இந்த இரண்டுமே பெரிய வேலை. சேர்த்துத் தொடங்கினால் இரண்டும் கெடும். பகல் நேரக் கழிப்பறைப் பழக்கம் ஓரளவு நிலைத்த பிறகு தூங்கும் இடத்தை மாற்றுங்கள். பிரசவம் நெருங்கிவிட்டதென்றால் முதலில் படுக்கையை மாற்றுங்கள். வீடு ஒரு நிலைக்கு வரும்வரை டயபர் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறந்த தேதியை வைத்து இதைத் தொடங்க முடியாது. மூன்றரை வயதுப் பிள்ளையின் வளர்ச்சி ஒன்றரை வயது அளவில் இருந்தால், ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் எதை எதிர்பார்ப்போமோ அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். டயபர் இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருக்கிறதா, எதையாவது பிடித்துக்கொண்டு சில நிமிடம் உட்கார முடிகிறதா, மலம் வரும்போது கதவுக்குப் பின்னால் போய் நிற்பது போன்ற அடையாளம் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். பேச்சு வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வயிற்றைத் தட்டிக் காட்டினாலே போதும். ஆனால் அம்மா, ஆச்சி, விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்திருக்கும் அப்பா எல்லோரும் ஒரே சைகையையும் ஒரே சொல்லையும் பயன்படுத்த வேண்டும்.

டயபரைக் கழற்றும் முன் வயிற்றைக் கவனியுங்கள். "எவ்வளவு முயன்றாலும் பழகவில்லை" என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது மலச்சிக்கல். டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அடிக்கடி காணப்படுவது. ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்தால், அடுத்த முறை பிள்ளை அடக்கும். அடக்க அடக்க மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். பிறகு கெட்டி மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்போலக் கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி வாழைக்காய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். சிக்கல் இன்னும் இறுகும். வெற்றிலைக்காம்பில் ஆமணக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைப்பதையும், சோப்புத் துண்டு வைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எரிச்சல்பட்ட பிள்ளை அந்த இடத்தை யாரையும் தொடவிடாது, கழிப்பறைப் பக்கமும் வராது. பாலே சாப்பாடாக இருந்தால் அதைக் குறைத்து, கனிந்த மட்டி வாழைப்பழம், பப்பாளி, கீரை, நிறையத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். போதவில்லையென்றால் குழந்தை மருத்துவர் மலமிளக்கி எழுதுவார். ஒரு வாரத்தில் நன்றாகப் போகிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குத் தைராய்டு குறைவாலும் மலம் கட்டும் என்பதால் அந்தப் பரிசோதனை அவசியம்.

அடுத்தது உட்காரும் இடம். இதில்தான் பிள்ளைகளுக்கு அதிக அநியாயம் நடக்கிறது. குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி பேரனைக் கூட்டிவந்தார். தசை உறுதி குறைந்த பிள்ளை. "இவனுக்கு வாசி, உட்காரவே மாட்டான்" என்றார். வாசி என்றால் எங்கள் பக்கத்தில் பிடிவாதம். சிறு பிள்ளைகள் கழிப்பதற்காக உட்காரும் எங்கள் பாட்டி (potty) நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தோம். கால்கள் அந்தரத்தில் தொங்கின. விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. இரண்டு கைகளும் ஆச்சியின் சேலையை இறுகப் பற்றியிருந்தன. விழுந்துவிடாமல் இருக்கவே உடம்பு முழுவதும் இறுகிக்கிடக்கும்போது, கழிப்பதற்கு இளக வேண்டிய தசை மட்டும் எப்படி இளகும்? பாதங்களுக்கு அடியில் பலகைகளை அடுக்கி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி வைத்தோம். முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டூல். சற்று நேரத்தில் விரல்கள் விரிந்தன; சேலையை விட்டுவிட்டுப் பலகையைத் தட்ட ஆரம்பித்தான். "கால் ஊன்ற இடம் கிடைத்ததும் இருந்துவிட்டானே மக்களே" என்றார் ஆச்சி. அன்று அவன் எதுவும் கழிக்கவில்லை. பயமில்லாமல் உட்கார்ந்தது போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

குந்தி உட்காரும் கழிப்பறையில் இந்தப் பிள்ளைகள் சமநிலை தவறிவிடுவார்கள். நம் ஊர்களில் பல வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் வேறு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மாவட்டத்துக்கு உண்டு. வழுக்கும் முற்றத்தைத் தாண்டி இருட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் எந்தப் பிள்ளைதான் அழாது? பாட்டி (potty) நாற்காலியை வீட்டுக்குள் ஒரே இடத்தில் வையுங்கள். தொடங்குவதற்கு மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஈர ஜட்டியும் காயும்.

சில நாள், எப்போது நனைகிறது என்று காலண்டர் தாளின் பின்புறம் குறித்துவையுங்கள். அந்த நேரத்துக்குச் சற்று முன்பு உட்காரவையுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும். மலத்துக்கு அதுவே வாய்ப்பான நேரம். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம். கைபேசியில் கார்ட்டூன் போட்டு அரை மணி நேரம் உட்காரவைத்தால் பிள்ளை கார்ட்டூனைத்தான் கற்றுக்கொள்ளும். பகலில் பருத்தி ஜட்டி போடுங்கள். நனைந்தது தெரிய வேண்டுமே.

இனித் தொட்டில். சேலைத் தொட்டிலை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் ஆட்டம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வழியாக மூளையை அமைதிப்படுத்துகிறது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை அதில் போடுவது ஆபத்து. கொக்கி தளரும், எட்டிப்பார்த்துத் தலைகீழாக விழும், துணி கழுத்தில் சுற்றும். வளைந்தே கிடப்பதால் புரண்டு படுக்கவும் வாய்ப்பில்லை. பகல் தூக்கத்திலிருந்து மாற்றத்தைத் தொடங்குங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து சற்று நேரம் ஆட்டிவிட்டு, கண் செருகும் முன் இறக்கித் தரையில் பாய்மீது போட்ட மெல்லிய மெத்தையில் படுக்கவையுங்கள். அதே தொட்டில் சேலையை மெத்தையின்மேல் இழுத்துச் செருகிவிடுங்கள், வாசனை மாறாது. ஆட்டும் நேரத்தை நாளுக்கு நாள் குறையுங்கள். நேராக உயரமான கட்டிலுக்குப் போக வேண்டாம். கட்டில்தான் என்றால் சுவருக்கும் அதற்கும் இடையே தலை சிக்கும் இடைவெளி இருக்கக் கூடாது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் வீடுகளில் விடியும் முன்பே விளக்கு எரியும். தாய் எழுந்ததும் பிள்ளையும் எழும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் இடத்தை விளக்கு படாத மூலைக்கு மாற்றி, அந்த நேரத்தில் பக்கத்தில் படுக்கும் ஆளை முன்னதாகவே பழக்குங்கள். புதுப் படுக்கையில் விழித்தெழும்போது தாயும் இல்லையென்றால் பிள்ளை மறுநாள் அதில் படுக்காது.

இரவில் நனைப்பதை இப்போதைக்கு விடுங்கள். தாமதம் எதுவும் இல்லாத பிள்ளைகளே ஐந்து வயதிலும் நனைப்பதுண்டு. இரவில் நனையாமல் இருப்பது உடல் முதிர்ச்சியால் வருவது; திட்டியோ தண்ணீரைக் குறைத்தோ வரவழைக்க முடியாது. இரவு டயபர் தொடரட்டும், மெத்தைமேல் ரப்பர் விரிப்பு கிடக்கட்டும்.

சிலவற்றுக்குத் தெரபி அறை போதாது, மருத்துவர் பார்க்க வேண்டும்: சிறுநீர் சொட்டுச் சொட்டாகவே வருவது, காரணமில்லாத காய்ச்சல், முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது, பழகிய பிள்ளை திடீரென மீண்டும் நனைப்பது, பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும், தூக்கத்தில் வலிப்பு. பணம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது, மேற்சிகிச்சை இலவசம். அந்தக் குழு எப்போது வரும் என்று உங்கள் அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.