‘கூடமாட ஒத்தாசைதான்’: வீட்டுக் கணக்கெடுப்பில் நழுவிப்போகும் குழந்தை உழைப்பு

“உங்க பிள்ளை வேலைக்குப் போகுதா?” என்று வாசலில் நின்று கேட்டால், தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “இல்லீங்க, ஸ்கூலுக்குப் போகுது.” அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. ‘வேலைக்குப் போவது’ என்றால் நம் பேச்சில் வெளியே போய்ச் சம்பளம் வாங்குவது. விடியற்காலையில் மல்லிகை பறிப்பதும், பள்ளி விட்டு வந்ததும் பீடி இலை வெட்டித் தருவதும், ராத்திரி தீப்பெட்டி ஒட்டுவதும் அவர் கணக்கில் வேலை அல்ல. “அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கும், அவ்வளவுதான்.” கணக்கெடுப்பாளர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். வாரத்துக்கு 20 மணி நேரம் உழைக்கும் ஒரு குழந்தை புள்ளிவிவரத்திலிருந்து அந்த இடத்திலேயே காணாமல் போகிறது.

குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை என்று செய்தித்தாளில் வரும் எந்த எண்ணும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான வாசல் உரையாடல்களின் கூட்டுத்தொகைதான். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 5 முதல் 14 வயதுக்குள் சுமார் 1 கோடியே 1 லட்சம் பேர் வேலை செய்வதாகச் சொன்னது. அதே கணக்கெடுப்பில், ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்த ‘முதன்மைத் தொழிலாளர்’ மட்டும் என்று எடுத்தால் சுமார் 43.5 லட்சம். இரண்டுமே சரியான எண்கள்தான். எதை எடுக்கிறோம் என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் மேடையில் முழங்குவதுதான் தவறு. வங்கதேசம் 2022இல் இதற்கென்றே தனிக் கணக்கெடுப்பு நடத்தியது. அங்கே வேலை செய்யும் 5–17 வயதினர் ஏறத்தாழ 35 லட்சம், அவர்களில் குழந்தைத் தொழிலாளர் (வயதுக்கு மீறிய நேரமோ அபாயமோ உள்ள வேலை செய்வோர்) ஏறத்தாழ 18 லட்சம், அவர்களிலும் அபாயகரமான வேலையில் இருப்போர் சுமார் 10.7 லட்சம் என்று மூன்றையும் தனித்தனியே வெளியிட்டார்கள். அப்படித்தான் வெளியிட வேண்டும்.

முதலில் ‘வேலை’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கேள்வித்தாளில் செயல்களின் பெயர்கள் இருக்க வேண்டும், அதுவும் அந்தந்த ஊர்ப் பேச்சில். தென்காசிப் பக்கம் பீடி சுற்றுவது, இலை வெட்டுவது, முனை மடக்குவது. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டுவது, தீக்குச்சி அடுக்குவது. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைப்பது. மதுரையைச் சுற்றிப் பூப் பறிப்பது, பூக் கட்டுவது. ஆடு மாடு மேய்ப்பது, கடையில் நிற்பது, அப்பாவோடு மீன் தரம் பிரிப்பது ஆகியவை எல்லா ஊருக்கும் பொது. “பட்டறையில நிக்கிறான்”, “தொழில் பழகுறான்”, “லீவுக்கு மாமா கடைக்குப் போறான்” ஆகிய மூன்று சொற்றொடர்களையும் கணக்கெடுப்பாளர் பயிற்சியில் தனியாகச் சொல்லித்தர வேண்டும். மூன்றுமே பெரும்பாலும் வேலையைத்தான் குறிக்கும். மூன்றுமே ‘இல்லை’ என்று பதிவாகும் வாய்ப்பு மிக அதிகம்.

கேள்வி எத்தனை விரிவாக இருக்கிறது என்பதே எண்ணை மாற்றிவிடும். தான்சானியாவில் வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குச் சுருக்கமான கேள்விகளும் சிலருக்கு விரிவான கேள்விகளும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊரும் ஒன்று, காலமும் ஒன்று. ஆனாலும் வேலை செய்யும் பிள்ளைகளின் விகிதமும் அவர்கள் உழைத்த நேரமும் கேள்வித்தாளுக்கு ஏற்ப மாறின. ஆகவே செலவைக் குறைக்கிறேன் என்று ஒரு பக்கக் கேள்விப் பகுதியை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டு, போன முறையைவிட எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று அறிவித்தால், குறைந்தது கேள்வி மட்டுமாக இருக்கலாம்.

அடுத்த ஓட்டை, தாவும் கட்டளை. ‘பள்ளிக்குச் செல்கிறாரா? ஆம் எனில் கேள்வி 30க்குச் செல்க’ என்று ஒரு வரி இருந்தால் போதும், படித்துக்கொண்டே உழைக்கும் அத்தனை பேரும் போய்விடுவார்கள். இன்று தமிழ்நாட்டில் உழைக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் பள்ளிப் பதிவேட்டிலும் இருப்பவர்கள் என்பதால், இந்த ஒரு வரியின் சேதம் மற்ற எல்லாப் பிழைகளையும்விடப் பெரியது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குறியீடுகளில் இதைப் பார்க்கலாம். ஆண்டின் பெரும்பகுதியைப் பள்ளியில் கழிப்பவருக்கு 91 என்ற குறியீடு. அதே பிள்ளை ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருந்தால் துணைநிலை வேலை என்று தனியே பதிய வேண்டும். 91 போட்டதோடு பேனாவை மூடிவைத்துவிட்டால் துணைநிலைக் கட்டம் காலியாகவே கிடக்கும். வீட்டு வேலையோடு விறகு, தண்ணீர், தீவனம் சேகரிக்கும் சிறுமிக்கு 93. இந்தக் குறியீடு ‘தொழிலாளர்’ கணக்கிலேயே சேராது.

வயதில் நம் மொழிக்கே உரிய ஒரு பொறி உண்டு. “பதினாலு நடக்குது” என்றால் முடிந்தது 13. “பதினாலு முடிஞ்சிருச்சு” என்றால் 14. இரண்டையும் கணக்கெடுப்பாளர் ‘14’ என்று எழுதினால், சட்டப்படி, வீட்டுத் தொழிலில் உதவுவது போன்ற விலக்குகள் நீங்கலாக, எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாத ஒரு குழந்தை, அபாயமற்ற வேலைக்குப் போகலாம் என்ற பிரிவுக்குத் தள்ளப்படுகிறது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பிறந்த மாதமும் ஆண்டும் எழுதுங்கள், வயதைக் கணினி கணக்கிடட்டும். சான்று இல்லையென்றால் ஊர் நினைவில் நிற்கும் நிகழ்வுகளைப் பிடித்துக் கேளுங்கள். கடலூர்ப் பக்கம் 2011 டிசம்பர் தானே புயலுக்கு முன்னா பின்னா, சென்னையில் 2015 வெள்ளத்தின்போது கைக்குழந்தையா நடக்கிற குழந்தையா, நாகப்பட்டினம் பக்கம் 2018 கஜா புயலின்போது எந்த வகுப்பு என்று கேட்டால் ஆண்டு பிடிபட்டுவிடும்.

இனி நேரம். பன்னாட்டு வரையறையில் நேரம்தான் எல்லைக்கோடு என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உலக அளவில் கணக்கிடும்போது 5–11 வயதில் வாரத்துக்கு 1 மணி நேரம் பொருளாதார வேலை செய்தாலே குழந்தைத் தொழிலாளர். 12–14 வயதில் 14 மணி நேரம். 15–17 வயதில் 43 மணி நேரம். அபாயகரமான வேலை என்றால் நேரம் பார்ப்பதில்லை. வீட்டு வேலையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில் 5–14 வயதினருக்கு 21 மணி நேரம் ஓர் எல்லை.

13 வயதுச் சிறுமி ஒருத்தி தினமும் மல்லிகை பறிக்கிறாள் என்று வையுங்கள். “எவ்வளவு நேரம் பறிப்பா?” என்றால், “என்ன, ஒரு ஒண்ணரை மணி நேரம் இருக்கும்” என்பார் அம்மா. ஏழு நாளுக்கு 10.5 மணி. எல்லைக்குள் இருக்கிறாள், கணக்கில் வரமாட்டாள். இப்போது நேற்றைய காலையை மட்டும் பிடித்துக் கேளுங்கள். “நேத்து எப்போ எழுந்தா? தோட்டத்துக்கு எப்போ போய்ச் சேர்ந்தீங்க? எப்போ பறிச்சு முடிச்சீங்க? பூவை யார் கொண்டுபோய் எடை போட்டது? வீட்டுக்கு வரும்போது மணி என்ன?” பறித்தது 5 மணி முதல் 6.45 வரை. அதற்கப்புறம் பூவைச் சுமந்துபோய் எடை போட்டுத் திரும்பியது அரை மணி. தோட்டத்துக்கு நடந்த நேரம் வேலை நேரத்தில் சேராது, ஆனால் பூவைச் சுமந்துபோன நேரம் சேரும். ஆக 2 மணி 15 நிமிடம், ஏழு நாளுக்கு 15.75 மணி. எல்லையைத் தாண்டிவிட்டாள். கேட்ட விதத்தில் கிடைத்த முக்கால் மணிதான் அவளைக் கணக்குக்குள் கொண்டுவந்தது.

அதனால் ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம்’ என்று மொத்தமாகக் கேட்கவே கூடாது. நேற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போக வேண்டும். பள்ளி நாளும் விடுமுறை நாளும் தனித்தனி. கடிகாரம் பார்க்காத வீடுகளில் பால்காரர் வரும் நேரம், பள்ளி மணி, விளக்கு வைக்கும் நேரம், ராத்திரி சீரியல் ஆகியவை போதுமான அடையாளங்கள். தம்பியை மடியில் வைத்துக்கொண்டே பூக் கட்டினால் இரண்டையும் எழுதுங்கள், நேரத்தை ஒரு முறை மட்டும் கூட்டுங்கள்.

துண்டுக்கூலி வேலையில் இன்னொரு சோதனையும் கைகொடுக்கும். பீடிக்கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அம்மாவின் பேரில் வருகிறது. குழந்தையின் உழைப்பும் அந்தக் கணக்குக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. கைப்பழக்கம் உள்ள ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஏறக்குறைய ஆயிரம் சுற்றலாம். சமையல், துணி, ரேஷன் கடை எல்லாம் பார்த்துக்கொண்டு தினமும் ஆயிரத்தைத் தாண்டுகிறார் என்றால் கணக்கு இடிக்கும். அப்போது “பொய் சொல்றீங்களா?” என்ற தொனி வரவே கூடாது. “இலை யார் வெட்டுவாங்கக்கா? முனை மடக்குறது யாரு? கட்டுக் கட்டுறது?” என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்டால் கைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். செங்கல் சூளையும் இப்படித்தான். முன்பணம் குடும்பத்துக்கு, கூலி ஆயிரம் கல்லுக்கு. கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைக்கும் பிள்ளையின் பெயர் எந்த நோட்டிலும் இருக்காது.

யாரிடம் கேட்பது? தான்சானியா ஆய்வில் பெரியவர் பதில் சொன்னாலும் பிள்ளையே சொன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐவரி கோஸ்டின் கோகோ தோட்டப் பகுதிகளிலோ பிள்ளைகள் சொன்னதைவிடப் பெற்றோர் சொன்னது மிகவும் குறைவு. எத்தியோப்பியாவில் காபி பயிரிடும் குடும்பங்களில் இந்த இடைவெளி பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் வெளிப்பட்டது. கோகோவில் குழந்தை உழைப்பு என்பது உலகமே கண்காணிக்கும் விஷயம். உண்மையைச் சொன்னால் தொல்லை வரும் என்று பெற்றோர் அஞ்சும் இடத்தில் பிள்ளையிடமும் கேட்டே ஆக வேண்டும் என்பதே இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எங்கள் முடிவு. பட்டாசு, பீடிப் பகுதிகளை அந்தப் பட்டியலில்தான் வைக்க வேண்டும்.

பிள்ளையிடம் கேட்பதற்கு ஒழுங்கு உண்டு. பெற்றோரின் சம்மதம் முதலில், பிள்ளையின் சம்மதம் அடுத்து. அறைக்குள் தனியே அழைத்துப் போகக் கூடாது. அம்மா பார்க்கும் தூரத்தில், ஆனால் பேச்சு காதில் விழாத தூரத்தில், திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார வேண்டும். மிட்டாய், பணம், “உன்னை ஹாஸ்டல்ல சேர்த்துவிடுறேன்” போன்ற வாக்குறுதி எதுவும் கூடாது. கணக்கெடுப்பு சோதனை நடவடிக்கை அல்ல. ஒரு வீட்டில் கேட்டதை வைத்து மறுநாள் அதிகாரி வந்து நின்றால், அந்தத் தெருவில் அதன்பிறகு ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்தில் ஒரு குழந்தையைக் கண்டால் கணக்கெடுப்பாளர் என்ன செய்ய வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எப்போது அழைக்க வேண்டும் என்பது களத்துக்குப் போகும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே நின்று யோசிக்கும் நிலை வரக் கூடாது.

வீட்டுப் பட்டியலிலேயே இல்லாதவர்களை எந்தக் கேள்வியும் பிடிக்காது. நகரத்து வீட்டில் தங்கி வேலை செய்யும் சிறுமி “சொந்தக்காரப் பொண்ணு” என்று பட்டியலில் ஏறுவாள், அல்லது ஏறவே மாட்டாள். குடும்பத் தலைவரின் பிள்ளை அல்லாத 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும், எப்போது வந்தார், யார் கொண்டுவந்து விட்டது, பெற்றோர் எங்கே, எந்தப் பள்ளி என்று நான்கு கேள்விகள் வேண்டும். எதிர்முனையிலும், “இந்த வீட்டுப் பிள்ளைகளில் வெளியூரில் தங்கியிருப்பவர் உண்டா?” என்று கேட்க வேண்டும். நூற்பாலை விடுதியில் இருக்கும் 16 வயதுப் பெண் சொந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை, விடுதி ‘வீடு’ என்ற கணக்கில் வராததால் அங்கும் இல்லை. தெருவில் வாழும் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்கெடுப்பு பொருந்தாது, அவர்களுக்கு வேறு முறைதான்.

பருவமும் அப்படித்தான். சூளைக்குப் போகும் குடும்பங்கள் பொங்கல் கழிந்து கிளம்பி, மழைக்கு முன் திரும்புவார்கள். ஐப்பசி அடைமழையில் போய்க் ‘கடந்த 7 நாள்’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில்தான் இருப்பார்கள். 7 நாளோடு 12 மாதக் கேள்வியும் மாதவாரியாகச் சேர வேண்டும்.

மாதிரியின் அளவை நிதி கொடுப்பவர்களுக்குப் புரியவைக்க ஒரு கணக்கு. உழைக்கும் பிள்ளைகளின் உண்மை விகிதம் 2% என்று வையுங்கள். 10,000 பிள்ளைகளைக் கேட்டால் கிடைப்பவர்கள் 200 பேர். இந்தப் பிள்ளைகள் சில ஊர்களில் குவிந்திருப்பார்கள் என்பதால் பிழையின் வர்க்கம் மூன்று மடங்காகலாம், அதாவது பிழை ஏறக்குறைய 1.7 மடங்கு. அப்போது சொல்லக்கூடியது, விகிதம் 1.5%க்கும் 2.5%க்கும் இடையில் இருக்கிறது என்பதுதான். அதே கணக்கெடுப்பில் ஒரு மாவட்டத்துக்கு 300 பிள்ளைகள் வந்திருந்தால், அங்கே கிடைப்பவர்கள் 6 பேர். அந்த 6 பேரை வைத்து மாவட்டங்களுக்குத் தரவரிசை போடும் அறிக்கைகளை நம்ப வேண்டாம்.

ஒரே பிள்ளை ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு பெயரில் வருவாள் என்பதும் நினைவில் இருக்கட்டும். வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் உதவுவதை, அபாயகரமான தொழில்கள் நீங்கலாக, குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016 திருத்தம் அனுமதிக்கிறது. பன்னாட்டுப் புள்ளிவிவர வரையறையில் அப்படி ஒரு விலக்கு இல்லை. 12 வயது நிரம்பாத பிள்ளை சொந்த வீட்டுத் தொழிலில் ஒரு மணி நேரம் உழைத்தாலும் அது கணக்கில் சேரும். அதனால்தான் களத்தில் ‘குழந்தைத் தொழிலாளரா?’ என்ற கட்டமே இருக்கக் கூடாது. வயது, செயல், நேரம், சுமை, தூசி, வெப்பம், கருவி, ரசாயனம் ஆகியவற்றை மட்டும் பதியுங்கள். முத்திரையைப் பின்னால் கணினியில் குத்திக்கொள்ளலாம், வரையறைக்கு ஒன்றாக.

களம் முடிந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணக்கெடுப்பாளர் வாரியாக ‘ஆம்’ விகிதத்தை எடுத்துப் பாருங்கள். பூ விளையும் ஊரில் 20 வீடு முடித்தவருக்கு ஒரு பிள்ளைகூட அகப்படவில்லை என்றால், மேற்பார்வையாளர் மறுநாள் அவற்றில் மூன்று வீடுகளுக்காவது திரும்பப் போக வேண்டும், செயல் பட்டியலை வரிக்கு வரி வாசித்துக் கேட்க வேண்டும். எண்களை வெளியிடும்போது கேள்விகளையும் கேட்ட தமிழிலேயே, ஒரு சொல் மாறாமல், கூடவே அச்சிடுங்கள். அடுத்த முறை போகிறவர் அதே கேள்வியைத்தான் கேட்டாரா என்று அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.