போல்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

லேசர் வகைப் பாய்மரப் படகின் நீளம் 4.23 மீட்டர், வெற்று உடலின் எடை 59 கிலோ. காற்று வலுக்கும்போது ஓட்டுபவர் ஒரு பட்டைக்கு அடியில் காலைக் கொடுத்துக்கொண்டு, உடம்பைப் படகுக்கு வெளியே சாய்த்துத் தொங்குவார். அந்தப் பட்டையைப் பிடித்திருப்பது சின்ன உலோகக் கண்ணிகளும் சில திருகுகளும்தான். ஒவ்வொரு அலைக்கும் அது வெடுக்கென்று இழுபடும். இதில் உலோகம் உடைவது அபூர்வம். முதலில் விட்டுக்கொடுப்பது அதற்கு அடியில் இருக்கும் பைபர், அதாவது ரெசின் என்ற பிசினில் பதித்த கண்ணாடி இழை. அதனால்தான் போல்ட்டுக்கு அடியில், உள்பக்கமாக, அகலமான தகடு ஒன்று வேண்டும்.

கண்ணாடி இழைக்கு நல்ல வலு உண்டு, ஆனால் இழை ஓடும் திசையில் மட்டும். படகின் உடலில் இழைகள் பாய் விரித்த மாதிரி படுக்கைவாட்டில் கிடக்கின்றன. மேல்நோக்கி இழுத்தால், அடுக்குகளை ஒட்டிவைத்திருக்கும் ரெசின்தான் தனியாகத் தாங்க வேண்டும். போதாக்குறைக்கு, துண்டு துண்டாக வெட்டிய இழை விரிப்பில் செய்த பைபர் எஃகைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வளையும். மேலே பூசிய ஜெல்கோட் என்ற பளபளப்பான மேற்பூச்சு அந்த வளைவுக்கு ஈடுகொடுக்காது. திருகைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் தெரிந்தால், அடியில் வலு போதவில்லை என்று அர்த்தம்.

பல சிறு படகுகளின் தளம் இரண்டு மெல்லிய பைபர் தோல்களுக்கு நடுவே நுரை வைத்துச் செய்தது. அங்கே சிக்கல் இன்னும் கூடுதல். 6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. வாஷர் போட்டால், அழுத்தம் இறங்கும் பரப்பு சுமார் 80 சதுர மி.மீ. 100 கிலோ இழுத்தால் ஒரு சதுர மி.மீ.க்கு 12 நியூட்டன். கன மீட்டருக்கு 80 கிலோ எடையுள்ள பிவிசி நுரையோ சுமார் 1.4 நியூட்டனிலேயே நசுங்கும். உள்தோல் கொஞ்சம் பகிர்ந்துகொள்ளும், சரி. ஆனால் நட்டை இறுக்குவதே சில நூறு கிலோ அழுத்தம் கொடுத்துவிடும். அதே இடத்தில் 60 மி.மீ. சதுரத் தகடு இருந்தால் அந்த 12 நியூட்டன் 0.3-க்கும் கீழே போய்விடும்.

தகடு வளையாத தடிமனில் இருக்க வேண்டும், ஓரங்களைச் சரிவாகச் சீவியிருக்க வேண்டும். செங்குத்தாக விட்டால் வளைவெல்லாம் அந்த ஓரத்தில் குவிந்து, விரிசல் அங்கே தொடங்கும். எபாக்சி என்ற, கலந்ததும் கெட்டியாக இறுகும் பிசினில் செய்த கண்ணாடியிழைத் தகடுதான் என் தேர்வு. அலுமினியம் உப்புநீரில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு சேர்ந்தால் அரிக்கும். பிளைவுட்டும் ஆகும், வெட்டிய ஓரங்களை எபாக்சியால் அடைத்துவிட்டால்.

நுரை வைத்த தளத்தில் நாம் செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் இருக்கிறது. முதலில் துளையைப் பெரிதாகப் போட்டு, தோல்களுக்கு நடுவே உள்ள நுரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை அங்கே நிரப்பி, அது இறுகிய பிறகு போல்ட்டின் அளவுக்குத் துளையிட வேண்டும். இப்போது இறுக்கத்தைத் தாங்குவது எபாக்சித் தூண். கசிவை அடைக்கும் சீலன்ட் பசை பிசகினாலும் நுரைக்குள் தண்ணீர் போகாது. துளையின் மேல்விளிம்பையும் லேசாகச் சாய்த்துச் சீவினால், சீலன்ட் அந்தப் பள்ளத்தில் வளையமாகத் தங்கிக் கசிவைத் தடுக்கும்.

லேசரின் உடல் எல்லாப் பக்கமும் மூடப்பட்டது. நட்டைப் பிடிக்கக் கை உள்ளே போகாது. அதனால் திருகித் திறக்கும் மூடி ஒன்றைத் தளத்தில் பொருத்துகிறார்கள். அதற்கான ஓட்டையைக் கண்ணி கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் கண்ணியை ஒட்டி இல்லாமல், வட்டமாக வெட்ட வேண்டும். மூலை வைத்து வெட்டினால் விரிசல் அந்த மூலையிலிருந்தே கிளம்பும்.