நீர்க்கோளம்: சொல்லுக்குள் அடங்கிய நீரும் அடங்காத நீரும்

புவியியல் பாடநூல்களில் நான்கு சொற்கள் எப்போதும் கூட்டாகவே வரும்: பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம். மூன்று கோளம், ஒரு மண்டலம். மூலமொழியில் நான்குக்கும் ஒரே ஈறுதான், ‘ஸ்பியர்’. தமிழில் காற்றுக்கு மட்டும் ஏன் தனி மரியாதை என்று கேட்டால், வழக்குதான் விடை. ‘வாயுமண்டலம்’ என்று முன்பு எழுதிவந்ததில் வாயு போய் வளி வந்தது. மண்டலம் இடத்தை விட்டு நகரவில்லை. அது கிடக்கட்டும். இங்கே பார்க்க வேண்டியது ‘ஹைட்ரோஸ்பியர்’ என்கிற நீர்க்கோளம்.

கிரேக்கத்தில் ‘ஹுதோர்’ என்றால் நீர்; ‘ஸ்பைரா’ என்றால் பந்து, உருண்டை. இரண்டும் கிரேக்கமாக இருந்தாலும் இந்தக் கூட்டுச்சொல் பழங்கிரேக்கர் அறியாதது. ‘அட்மாஸ்பியர்’ 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய அறிஞர்களின் எழுத்தில் வந்துவிட்டது. 1875இல் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவர்ட் சூஸ், ஆல்ப்ஸ் மலைகளின் தோற்றம் பற்றிய தம் நூலில் புவியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்த கோளங்களாகப் பார்த்தார். உயிர்க்கோளத்தின் மூலச்சொல் அங்கேதான் பிறந்தது. நீருக்கான சொல்லும் அந்த அச்சில் வார்த்ததே.

‘ஹுதோர்’ நமக்கு அவ்வளவு அந்நியமான சொல்லும் அல்ல. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் நீரைக் குறிக்கும் அதே வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘வாட்டர்’, ரஷ்யர்களின் ‘வோத்கா’ (நேர்பொருள்: ‘தண்ணீர்க்குட்டி’), சமஸ்கிருதத்தின் ‘உதகம்’ எல்லாம் வந்தன. கடலைக் குறிக்கும் ‘உததி’யும் ‘சமுத்திர’மும் அதே குடும்பம். சமுத்திரம் என்பது நீரெல்லாம் ஒன்றுகூடும் இடம் என்று பொருள்படும். ஆக, ‘ஹைட்ரோ’வின் ஒன்றுவிட்ட தம்பி நெடுங்காலமாகத் தமிழில் குடியிருக்கிறான். ‘நீர்’ மட்டும் வேறு வம்சம், திராவிடச் சொல். சமஸ்கிருத ‘நீர’ இங்கிருந்து போனதாகவே மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

இனி கோளம். இந்தப் பாதிதான் எனக்கு நெருடல். கோளம் என்றதும் மனத்தில் எழுவது கையில் பிடித்து உருட்டக்கூடிய ஒரு திரளை. புவியின் நீர் அப்படியா இருக்கிறது? கடலின் சராசரி ஆழம் 3.7 கிலோமீட்டர் அளவுதான். புவியை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகச் சுருக்கினால் அதன்மேல் கடல் 0.3 மில்லிமீட்டர்கூட இராது. உருண்டையைத் தண்ணீரில் முக்கி எடுத்ததும் மேலே ஒட்டியிருக்கும் ஈரம், அவ்வளவே. எடையில் பார்த்தால் கடல் முழுவதும் சேர்ந்து புவியின் எடையில் 0.02 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஆனால் இந்த ஈரம் முழுவதையும் வழித்து, பனிக்கட்டி, நிலத்தடி நீர், ஆவி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துளியாகத் திரட்டினால், அது சுமார் 1,385 கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டையாகும். அப்போது மட்டுமே ‘கோளம்’ என்ற சொல் எழுத்துக்கு எழுத்து உண்மை.

‘நீருறை’ என்று சொல்லிப் பார்த்தேன். மெல்லிய உறைபோல் போர்த்தியிருக்கிறது அல்லவா? அழகாகத்தான் இருந்தது. ஆனால் உறை என்பது வெளியே மட்டும் இருப்பது. நீரோ மண்ணுக்குள்ளும் பாறைப் பிளவிலும் மேகத்திலும் மரத்தின் தண்டிலும் இருக்கிறது. அதனால் அந்தச் சொல்லை ஒதுக்கிவைத்தேன். நீர்க்கோளமே இருக்கட்டும். ‘க்’ மிகுந்து வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், ‘நீர்கோளம்’ பிழை.

அந்தக் கோளத்தில் என்னென்ன அடக்கம்? மொத்தம் ஏறத்தாழ 138.6 கோடி கன கிலோமீட்டர் நீர். அதில் கடல் மட்டும் 133.8 கோடி, அதாவது 96.5 விழுக்காடு. பனிப்பாளங்களிலும் பனியாறுகளிலும் உறைந்து கிடப்பது 2.4 கோடி. நிலத்தடியில் 2.34 கோடி, அதில் பாதிக்கு மேல் உப்பு. ஏரிகளில், நன்னீரும் உவர்நீரும் சேர்த்தே, 1.76 லட்சம். காற்றில் ஆவியாக 12,900. ஆறுகளில், உலகத்து ஆறுகள் அனைத்திலும், எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது 2,120 கன கிலோமீட்டர்தான். இந்தக் கடைசி எண்ணை நான் இருமுறை சரிபார்த்தேன். நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் வளர்ந்தன என்று படித்த நமக்கு, அந்த ஆறுகளைவிட ஆறு மடங்கு நீர் தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது என்பது எளிதில் மனத்தில் ஏறாது. அந்த ஆவி முழுவதும் ஒரே சமயத்தில் மழையாகி உலகெங்கும் சமமாகப் பெய்தாலும் சுமார் 25 மில்லிமீட்டர்தான் நிற்கும் என்பது இன்னொரு வியப்பு. உயிர்களின் உடலுக்குள் இருப்பது 1,120 கன கிலோமீட்டர். ஆறுகளில் ஓடுவதில் பாதி, உயிர்களுக்குள் ஓடுகிறது.

பனியை நீர்க்கோளத்தில் சேர்க்கலாமா, ‘பனிக்கோளம்’ என்று தனியே பிரிக்க வேண்டுமா என்று ஒரு வழக்கு உண்டு. இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. பிரித்து எழுதும்போது பிரித்தேன் என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

இப்படி இடம் இடமாகப் பங்குபோட்டுக் கணக்குச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது: தனித்தனியே வெவ்வேறு நீர்கள் இருப்பதாகத் தோன்றிவிடும். இந்தச் சிக்கலைச் சொல்லாராய்ச்சியின் வழியே கண்டுபிடித்தவர், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார். கடலுக்கு ‘முந்நீர்’ என்று சங்கப் பாட்டுகளிலிருந்தே பெயர். மூன்று நீர் எவை? ஆற்றுநீர், ஊற்றுநீர், மேல்நீர் (மழை) என்று சிலர் பொருள் சொல்லிவந்தார்கள். அவர் அதை மறுக்கிறார். மறுக்கும் விதம்தான் சுவை: ஆற்றுநீர் என்பதே மேல்நீர்தான், இந்த இரண்டும் இல்லையென்றால் ஊற்றுநீரும் இல்லை, பிறகு மூன்று என்று எண்ணுவது எப்படி? சரி, ‘முதிய நீர்’, அதாவது முன்னே தோன்றிய பழைய நீர் என்று கொள்ளலாமா என்றால் அதையும் விடவில்லை. மேகம் பெய்யாவிட்டால் நெடுங்கடலும் தன் நீர்மை குன்றும் என்று குறள் சொல்கிறதே. மழையின்றிக் கடலும் நிலைக்காதபோது அதை மட்டும் தனியே மூத்தது என்பானேன்? முடிவாக, மண்ணைப் படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்று செய்கை உடைய நீர் என்று பொருள் கொள்கிறார்.

ஊற்றுக்கும் ஆற்றுக்கும் மழையே தாய் என்பது இன்று பள்ளிப் பாடம். ஆனால் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு வரை இது தீராத விவாதம். கடல்நீர் நிலத்தடிக் குகைகள் வழியே மலைமேல் ஏறி ஊற்றாகிறது என்று நம்பியவர்கள் நிறையப் பேர். 1674இல் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் சேன் ஆற்றின் தலைப்பகுதியில் மழையையும் ஆற்றோட்டத்தையும் கணக்கிட்டு, பெய்யும் மழையில் ஆறில் ஒரு பங்கே ஆற்றுக்குப் போதும் என்று காட்டிய பிறகே அந்த வாதம் தளர்ந்தது. உரையாசிரியர் எதையும் அளக்கவில்லை. ஒரு சொல்லுக்குள் ஒரே பொருளை மூன்று தடவை எண்ணக் கூடாது என்ற தருக்கம் மட்டுமே அவர் கையில் இருந்தது.

அவர் தள்ளிய ‘முதிய நீர்’ வேறொரு வகையில் உண்மையாகவே இருக்கிறது. ஆவியான ஒரு துளி காற்றில் சுமார் ஒன்பது நாள் தங்கும். கடலில் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். கனடாவின் ஒன்டாரியோவில் கிட் கிரீக் சுரங்கத்தில், 2.4 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைப் பிளவிலிருந்து கசிந்த நீர் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வெளியுலகம் காணாதது என்று 2013இல் அறிவித்தார்கள். அந்த நீரை எந்த மழையும் அண்மையில் தொட்டதில்லை.

கடலுக்கான மற்றச் சொற்களுக்கு வருவோம். ‘ஓசன்’ என்பதன் மூலம் ‘ஓகியானோஸ்’. பழங்கிரேக்கர் கற்பனையில் உலகைச் சுற்றி வளைத்து ஓடும் பேராறு. கடலே அல்ல, ஆறு! அதற்குத் தமிழில் ‘பெருங்கடல்’ என்று வைத்ததில் குறையில்லை. ‘மாக்கடல்’ இன்னும் சுருக்கம். பழைய சொற்களோ ஒவ்வொன்றும் கடலை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்த்தவை. பரந்து கிடப்பதால் பரவை. அலைகள் புணர்ந்து வருவதால் புணரி. ஆழ்ந்து இருப்பதால் ஆழி. இந்த ஆழியைத்தான் ‘அபிஸ்’ என்ற சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ‘அபிஸ்’ என்றால் அடியில்லாதது. ஆழி அப்படி எதுவும் சாதிக்கவில்லை. ஆழம் என்கிறது, நிறுத்திக்கொள்கிறது. அடி உண்டு என்று தெரிந்த இந்தக் காலத்துக்கு ஆழியே பிழையற்ற சொல்.

அந்த அடியைப் பற்றிய ஊகங்கள் ஒவ்வொன்றாகப் பொய்த்த கதை நெடியது. 1840களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஏஜியன் கடலில் வலையிட்டு அரித்துப் பார்த்துவிட்டு, சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது என்றார். இருந்தது, எங்கும் இருந்தது. 1977இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, 2,500 மீட்டர் ஆழத்தில், ஒளியே எட்டாத இடத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிக் குழாய்ப்புழுக்களும் சிப்பிகளும் மண்டிக் கிடந்தன. சூரியனை நம்பாமல் வேதிப்பொருளை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் குடியிருப்புக்குச் சோறிட்டன. அந்த ஊற்றுகளைத் தேடிப் போனவர்கள் நிலவியலாளர்கள். குழுவில் உயிரியலாளர் ஒருவரும் இல்லை. யார்தான் எதிர்பார்த்தார்கள்?

கடலடியைச் சரியாக வரைந்துகூட முடிக்கவில்லை. ஒலியலை அனுப்பி நேரடியாக அளந்து வரைந்தது, 2025 நிலவரப்படி, கால் பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. மிச்சத்துக்குச் செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் மேடுபள்ளத்திலிருந்து ஊகித்த மங்கலான படம்தான். ஒளியும் ரேடியோ அலையும் நீரைத் துளைத்து வெகுதூரம் போகாது. செவ்வாய்க் கோளின் தரை நமக்கு இதைவிடத் துல்லியமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். அங்கே கடல் இல்லை.

6,000 மீட்டருக்குக் கீழான பகுதியைக் கடலியலாளர்கள் ‘ஹேடல்’ என்கிறார்கள். கிரேக்கரின் கீழுலகமான ஹேடிஸின் பெயரால் வந்தது. இதற்குத் தமிழில் புதிதாக எதையும் வார்க்க வேண்டாம். ‘பாதாளம்’ என்று அதே பொருளில் ஒரு சொல் தயாராக நிற்கிறது. ‘பாதாள வலயம்’ என்றே எழுதலாம். அங்கே இருக்கும் நீண்ட பள்ளங்களை ‘அகழி’ என்று பாடநூல்கள் சொல்கின்றன. அகழ்ந்தது அகழி, கோட்டையைச் சுற்றி ஆள் வைத்துத் தோண்டியது. கிட்டத்தட்ட 10,935 மீட்டர் இறங்கும் மரியானா அகழியை யாரும் அகழவில்லை. பசிபிக் தட்டு (புவியின் மேலோட்டுப் பெருந்துண்டுகளில் ஒன்று) பக்கத்துத் தட்டின் அடியில் மடங்கி இறங்குவதால் உண்டான மடிப்பு அது. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ‘த்ரியெஸ்த்’ கலத்தில் அதன் அடியைத் தொட்டார்கள். சொல்லில் குறை கண்டாலும் மாற்றச் சொல்ல மாட்டேன்; நன்றாக ஊன்றிவிட்டது.

இந்த அகழிகள் ஒருவகையில் கடலின் வடிகால்கள். இறங்கும் தட்டின் கனிமங்களோடு பிணைந்து நீரும் உள்ளே போகிறது. பெரும்பகுதி எரிமலைகள் வழியே திரும்பி வந்துவிடும். எல்லாமும் அல்ல. 2014இல் கிரகாம் பியர்சன் குழுவினர் பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் கண்ணுக்கெட்டாத துணுக்கைக் கண்டார்கள். 410 முதல் 660 கிலோமீட்டர் வரையான ஆழத்து அடுக்கின் கீழ்ப்பகுதியில், சுமார் 520 கிலோமீட்டருக்குக் கீழான அழுத்தத்தில் உருவாகும் கனிமம் அது. அதன் எடையில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு நீர். அந்த அடுக்கு முழுவதும் அவ்வளவு ஈரம் இருக்குமானால், மேலே உள்ள கடல்களுக்கு ஈடான நீர் காலடியில் இருக்கிறது என்றாகும். ஆனால் அங்கே அலையும் இல்லை, ஊற்றும் இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கனிமத்தின் கட்டமைப்புக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வைரத்தை உடைத்தாலும் ஒரு சொட்டு விழாது.

மேலே கொடுத்த 138.6 கோடியில் இந்த நீர் சேர்த்தி இல்லை. நீர்க்கோளம் என்ற சொல்லின் எல்லைக்கு வெளியே அது நிற்கிறது. அதற்கென்று தமிழில் நிலைத்த பெயரும் இல்லை. முன்னே ஒதுக்கிவைத்த ‘உறை’யை இங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது, போர்வை என்ற பொருளில் அல்ல, தங்குதல் என்ற பொருளில்: கல்லுறைநீர்.