கிட்டத்தில் சுடும் மானுக்கு எந்தக் குண்டு? ஒரு கால்நடை மருத்துவரின் கோரிக்கை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் சுடும் சீசன் ஒன்பது நாள். நவம்பர் கடைசி வாக்கில் வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அது முடிந்த கொஞ்ச நாளில் எங்கள் மருத்துவமனைக்கு வெண்தலைக் கழுகுகள் வர ஆரம்பிக்கும். வயலோரத்தில் பறக்காமல் உட்கார்ந்திருந்தது, கிட்டப் போனாலும் நகரவில்லை என்று சொல்லி யாராவது போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். தலை தொங்கிக் கிடக்கும், நகங்கள் இறுக்கி மூடியிருக்கும், எச்சம் பளிச்சென்று பச்சையாக இருக்கும். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். மான் சுட்டவர் காட்டிலேயே குடலை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார், அதில் சிதறிக் கிடக்கும் ஈயத்துணுக்கையும் சேர்த்துக் கழுகு தின்றிருக்கும். ஒரு அரிசி மணி அளவு ஈயம் போதும், அதன் உயிரை எடுக்க. ஈயத்தை வெளியேற்றும் மருந்து போட்டு, பறவைகள் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பி வைப்போம். சில பிழைக்கும், பல பிழைப்பதில்லை.

நான் வேட்டைக்கு எதிரி இல்லை. என்னிடம் வரும் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள், இந்த மாநிலத்தில் மான் பெருகிக் கிடக்கிறது, சுட்ட மானை வீணாக்காமல் சாப்பிடுபவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே நான் பேசுவது உரிமம் வாங்கி, சட்டப்படி இங்கே நடக்கும் வேட்டையைப் பற்றி மட்டும்.) சமீப வருடங்களில் நம் தமிழ் நண்பர்களும் அலுவலக சகாக்களோடு சேர்ந்து பயிற்சி வகுப்பு முடித்து, ரைஃபிள் வாங்கி, காட்டுக்குப் போகிறார்கள். போகாதவர்கள் வீட்டு ஃப்ரீஸரிலும் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மான் கைமா இருக்கிறது. துப்பாக்கி வாங்க மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள், தோட்டா விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

இங்கே மரக்கூட்டத்துக்குள் உட்கார்ந்து சுடுகிறவருக்கு மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கிடைக்கும், பல நேரம் 50 கஜத்துக்குள். கிட்டத்தில் சுடுவதற்கு எந்தக் குண்டாக இருந்தால் என்ன என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் குண்டுக்கு மிகக் கடினமான பரீட்சை கிட்டத்தில்தான். .308 வகை ரைஃபிளில் 150 கிரெயின் குண்டு (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு) நொடிக்கு ஏறக்குறைய 2,800 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. 50 கஜத்தில் அந்த வேகம் பெரிதாகக் குறைந்திருக்காது. சாதாரணக் குண்டு என்பது மெல்லிய செம்பு உறைக்குள் ஈயத்தை அடைத்தது. தூரத்தில் வேகம் குறைந்து போய்ப் பட்டாலும் விரிய வேண்டும் என்பதற்காக அதை மிருதுவாகச் செய்திருக்கிறார்கள். அதே குண்டு முழு வேகத்தோடு 40 கஜத்தில் மானின் தோள்பட்டை எலும்பில் போய் மோதினால் விரிவதோடு நிற்காது, உடைந்து சிதறும். .300 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி இன்னும் வேகமான தோட்டாவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் முனை வைத்த, வேகமாக விரியும் குண்டுகள் சிலவும் இப்படித்தான், தூரத்துக்கு அருமையானவை, கிட்டத்தில் நொறுங்கக்கூடியவை.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லர், தன்னுடைய வேகமான மேக்னம் ரைஃபிளின் குண்டுகள் சேறு அப்பிய தோலைத் தாண்டி உள்ளே ஆழமாக இறங்காததைப் பார்த்துவிட்டுத்தான், நடுவில் செம்புத் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார், 1948-ல் அது விற்பனைக்கு வந்தது. முன்பாதி சிதறினாலும் பின்பாதி உடையாமல் உள்ளே போகும். நல்ல குண்டுதான், இன்றைக்கும் விற்கிறது. ஆனால் சிதறும் அந்த முன்பாதியும் ஈயம்தானே, அது எங்கே போகும்?

எங்கே போகிறது என்று என் மேஜையிலேயே பார்த்தேன். நாய்க்குத் தடுப்பூசி போட வருகிற ஒருவர், நான் இதையே திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டுவிட்டு, தான் சுட்ட மானின் முன்னங்காலைத் தோள்பட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு வெட்டி எறிந்தாயிற்று, மிச்சம் சுத்தமான கறி, பாருங்கள் என்றார். வெளியே பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது, விரலால் தடவினாலும் எதுவும் தட்டுப்படவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். வெட்டிய விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளியும் வெள்ளைப் புள்ளிகள், தசைநார்களுக்கு இடையே வரிசையாகவும் கொத்துக் கொத்தாகவும், சில குண்டூசித் தலை அளவு, பல அதைவிடப் பொடி. அவர் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

150 கிரெயின் என்பது கிட்டத்தட்ட 9.7 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு சிதறினாலே மூன்று கிராமுக்கு மேல் உலோகம் அந்த உடம்புக்குள் பொடியாகப் பரவியிருக்கிறது, அதில் பெரும்பகுதி ஈயம். 2009-ல் வெளியான ஒரு ஆய்வில் ரைஃபிளால் சுட்ட 30 மான்களை எக்ஸ்ரே எடுத்தார்கள், எல்லாவற்றிலும் உலோகத் துணுக்குகள். கறியைக் கடைகளில் கொடுத்து வெட்டி வாங்கிய பிறகு பார்த்தால் 234 கைமாப் பொட்டலங்களில் 32 சதவீதத்தில் துணுக்குகள் இருந்தன. அந்தக் கறியைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. மினசோட்டா மாநில இயற்கை வளத்துறை 2008-ல் செம்மறி ஆட்டு உடல்களைச் சுட்டுப் பார்த்ததிலும் இதே கதை: வேகமாக விரியும் குண்டுகள் மிக மோசம், ஈயத்துணுக்குகள் காயத்திலிருந்து வெகுதூரம் போகின்றன, தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அவை இன்னும் பரவுகின்றன. ஆகவே கழுவாதீர்கள், வெட்டி எறியுங்கள், தாராளமாக.

சரி, என்ன வாங்குவது? கிட்டத்தில் சுடுகிறவருக்கு என்னுடைய பதில், முழுக்கச் செம்பால் செய்த குண்டு. ஈயமே கிடையாது. பார்ன்ஸ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்ததிலிருந்து இன்று பெரிய தோட்டாக் கம்பெனிகள் எல்லாமே செம்புக் குண்டு விற்கின்றன. பட்டதும் முனை நாலைந்து இதழாக விரியும், எடை ஏறக்குறைய அப்படியே மிஞ்சும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிப் போய்விடும். செம்பைப் பற்றி வேட்டைக்காரர்கள் சொல்லும் முக்கியமான குறை, வேகம் குறைந்தால் சரியாக விரியாது என்பது. உண்மைதான், பல செம்புக் குண்டுகளுக்கு நொடிக்கு 1,800 முதல் 2,000 அடியாவது வேகம் வேண்டும், 400 கஜத்தில் சுடுகிறவர் அதை யோசித்தாக வேண்டும். ஆனால் 60 கஜத்தில் சுடுகிற உங்களுக்கு வேகம் அளவுக்கு அதிகமாகவே இருக்கிறது! ஈயக் குண்டை உடைக்கிற அதே வேகம்தான் செம்புக் குண்டை விரிய வைக்கிறது. தூரத்தில் சுடுகிறவருக்காவது ஈயத்தை விடாமல் இருக்க ஒரு காரணம் இருக்கிறது, மரக்கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அதுகூட இல்லை.

ஒன்றிரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். ஈயத்தில் 165, 180 கிரெயின் போடுகிறவர் செம்பில் 150 அல்லது 130-க்கு இறங்கலாம், எடை குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், சிதறாததால் ஆழம் குறையாது. அப்புறம், பழைய தோட்டாவுக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) புதுக் குண்டு வேறு இடத்தில் படும். அக்டோபரிலேயே துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போய் அதே பெட்டித் தோட்டாவால் சுட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். சில குழல்களுக்குச் சில குண்டுகள் ஒத்துவராது, இரண்டு மூன்று வகை பார்க்க வேண்டியிருக்கும். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு மானுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு தோட்டா ஆகும்; பெட்டியில் 20 இருக்கிறது.

செம்பு கிடைக்கவில்லை, இந்த வருடம் ஈயம்தான் என்றால் வேகத்தைக் குறையுங்கள். பழைய .30-30, 170 கிரெயின் குண்டை நொடிக்கு 2,200 அடி வாக்கில்தான் தள்ளும், கிட்டத்து மானுக்கு அது தாராளம். உறையோடு ஈயத்தை ஒட்ட வைத்த பாண்டட் குண்டுகள் சாதாரணக் குண்டைவிடக் குறைவாகச் சிதறும், ஆனாலும் சிதறும்.

மானின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதேதான். நெஞ்சுக்கூட்டில், தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், இரண்டு நுரையீரலையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும் குண்டு மானைச் சில நொடிகளில் சாய்க்கும். மர மேடையிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு மேலே நுழைகிறது, கீழே ஓட்டை விழுந்தால்தான் ரத்தம் தரையில் சொட்டித் தடம் தெரியும். உள்ளேயே உடைந்து நின்றுவிட்ட குண்டு அந்தத் தடத்தைத் தராது, மான் புதருக்குள் ஓடி எங்கோ கிடந்து சாகும். எலும்பைக் குறிவைக்காதீர்கள். கிளைகளுக்கு நடுவே கனமான குண்டு நேராகப் போகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், எந்தக் குண்டும் சுள்ளியில் பட்டால் விலகும். இடைவெளி கிடைக்கும்வரை காத்திருங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

வேட்டைக்குப் போகாமல் கறி மட்டும் வாங்கிச் சமைக்கிறவர்கள், கொடுப்பவரிடம் என்ன குண்டு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அம்பால் அடித்ததா, செம்பா, ஈயமா? ஈயம் என்றால் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம், முக்கியமாகக் கைமாவும் சாசேஜும். பின்தொடை, முதுகுச் சதை பரவாயில்லை, குண்டு பட்ட இடத்திலிருந்து தள்ளி இருப்பவை. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் அளவைக் குறைத்தது, பாதுகாப்பான அளவு என்று எதையும் அது சொல்வதில்லை. காயத்தைச் சுற்றி வெட்டிய துண்டுகளை நாய்க்கும் போடாதீர்கள், ஈயம் அதற்கும் விஷம்தான். ஈயத்தால் சுட்டிருந்தால் குடலையும் வெட்டி எறிந்ததையும் திறந்த வெளியில் விடாமல் புதையுங்கள், அல்லது பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் செம்புக் குண்டால் சுட்டிருந்தாலும், கறி வெட்டித் தரும் கடையில் சாசேஜுக்கும் கைமாவுக்கும் பலருடைய மான்களின் துண்டுகளை ஒன்றாகப் போட்டு அரைக்கும் வழக்கம் உண்டு. மானை இறக்கும்போதே என் கறியைத் தனியாக அரைத்துத் தருவீர்களா, எனக்கு முன்னால் அரைத்தது யாருடையது, இயந்திரத்தைக் கழுவிவிட்டுப் போடுவீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் எலும்போடு வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒரு சாதாரணக் கை அரவை இயந்திரம் வீட்டில் இருந்தால் ஒரு மாலை நேரத்தில் முடிகிற வேலை.