ரோசாப்பூப் போர்கள்: சொல் விளக்கம்

இங்கிலாந்தின் அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் என்னும் இரு அரச குடும்பத்தார் 1455 முதல் 1487 வரை விட்டுவிட்டு நடத்திய போர்களை ‘ரோசாப்பூப் போர்கள்’ என்கிறோம். லங்காஸ்டருக்குச் சிவப்பு ரோசா, யார்க்குக்கு வெள்ளை ரோசா என்று சின்னம் பிரித்துச் சொல்வதால் வந்த பெயர் இது. 1455 மே 22 அன்று செயின்ட் ஆல்பன்ஸ் நகரத் தெருக்களில் நடந்த மோதலைத் தொடக்கமாகவும், 1487 ஜூனில் ஸ்டோக் களத்தில் நடந்ததை முடிவாகவும் கொள்வது வழக்கம். இடையே அமைதியான ஆண்டுகள் பல இருந்தமையால் ‘போர்’ என்று ஒருமையில் எழுதுவது பொருந்தாது.

போரிட்டவர்கள் அவற்றை இப்பெயரால் அழைக்கவில்லை. பூச்சூடிப் பொருதல் தமிழருக்குப் பழகிய செய்தி. பனையும் வேம்பும் ஆத்தியும் மூவேந்தரின் அடையாளப் பூக்கள் என்று படித்து வளர்ந்த நாம், அங்கும் இரு படைகள் இரு நிறப் பூக்களோடு எதிர்நின்றதாக எளிதில் எண்ணிவிடுவோம். உண்மை அதுவன்று. வெள்ளை ரோசா யார்க் குடும்பத்தின் பல சின்னங்களுள் ஒன்று மட்டுமே. சிவப்பு ரோசாவைப் பெரிதும் முன்னிறுத்தியவர், 1485-இல் பாஸ்வொர்த் களத்தில் யார்க் குலத்து அரசர் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்தி அரசரான, லங்காஸ்டர் தரப்பைச் சேர்ந்த ஏழாம் ஹென்றி. அந்த ரிச்சர்டுக்குரிய சின்னமோ வெள்ளைக் காட்டுப்பன்றி. 1486-இல் யார்க் குலத்து எலிசபெத்தை ஹென்றி மணந்தார். இரு நிறமும் இணைந்த, ஹென்றியின் குலப்பெயரைத் தாங்கிய டியூடர் ரோசா அந்த இணைப்பின் அடையாளமாயிற்று. பிரபுக்கள் தோட்டத்தில் ரோசா பறித்துக் கட்சி பிரியும் காட்சி ஷேக்ஸ்பியரின் நாடகக் கற்பனை. இன்று வழங்கும் பெயரைப் பரப்பியது வால்டர் ஸ்காட் 1829-இல் வெளியிட்ட புதினம். ஆகவே பெயர் போர்களைவிட மூன்று நூற்றாண்டுக்கு மேல் இளையது.

இனித் தமிழ் வடிவம். ‘ரோசா’ போர்த்துக்கீசியர் வழியே நம்மிடம் வந்த சொல். ‘ரோஜா’ என்பதும் அதுவே. இதற்கு ‘முளரி’ என்று எழுதுவோர் உண்டு. பழைய இலக்கியத்தில் முளரி தாமரையையும் முட்செடியையும் குறிப்பதால், ‘முளரிப் போர்’ என்றால் படிப்பவர் வேறொரு பூவை நினைக்க நேரும். ‘ரோசாப்பூப் போர்கள்’ என்பதே தெளிவு. நடுவில் வரும் ப் என்னும் ஒற்றை விட்டுவிடக் கூடாது.

போரின் தன்மையைச் சொல்ல ‘உள்நாட்டுப் போர்’ என்பது போதாது. 1642-இல் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட போரும் அப்பெயரால்தான் அறியப்படுகிறது. இங்கே மோதியவர்கள் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகன்களான கான்ட்டின் ஜானிடமிருந்தும் (லங்காஸ்டர்) லாங்லியின் எட்மண்டிடமிருந்தும் (யார்க்) கிளைத்த வழியினர். ஒரே பாட்டனின் சொத்துக்கு உரிமை கோரிய பங்காளிகள். அதனால் ‘தாயாதிப் போர்’ என்பதை நான் தேர்வேன். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. யார்க் கோமகன் ரிச்சர்டு (மூன்றாம் ரிச்சர்டின் தந்தை), தந்தைவழியில் எட்மண்டின் பேரர் என்பதால் தாயாதியே. எனினும் அரியணைக்கு அவர் காட்டிய வலுவான உரிமை, எட்வர்டின் மற்றொரு மகனும் கான்ட்டின் ஜானுக்கு மூத்தவருமான லயனலின் வழியில் வந்த தாய் ஆன் மார்ட்டிமரிடமிருந்து கிடைத்தது.